அணுவைப் பிளந்தால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

அணு உலை, அணுகுண்டு, யுரேனியம் செறிவூட்டல் என்ற சொற்கள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. கூடங்குளம் பற்றிய பேச்சு எழுந்தால் "அது ஒருநாள் ஹிரோஷிமா போல வெடித்துவிடும்" என்று ஒருவர் சொல்வார். "அதெல்லாம் சும்மா பயமுறுத்தல், ஆபத்தே கிடையாது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே தவறு. அணுமின் நிலையத்தின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அணு பிளக்கும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட அறிவியலுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

மைதானத்தின் நடுவில் ஒரு மிளகு

யுரேனிய அணு ஒன்றை ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் நடுவிலுள்ள அணுக்கரு ஒரு மிளகு அளவுதான் இருக்கும். மைதானத்தின் மற்ற இடமெல்லாம் எலக்ட்ரான்கள் உலவும் வெற்றிடம். ஆனால் அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் அந்த மிளகுக்குள்தான். அதற்குள் 92 புரோட்டான்களும் 140-க்கும் மேற்பட்ட நியூட்ரான்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

புரோட்டான்கள் அனைத்தும் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அப்படியானால் 92 புரோட்டான்கள் எப்படி ஒரே இடத்தில் இருக்கின்றன? அணுக்கருவுக்குள் வேறொரு விசை பசை போல அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. வலிமை மிக்க பசைதான், ஆனால் அதன் கை நீளம் மிகக் குறைவு. தனக்குப் பக்கத்தில் இருப்பவரை மட்டுமே அது பிடிக்கும். மின்விலக்கமோ கருவின் ஒரு முனையில் இருக்கும் புரோட்டானையும் மறுமுனையில் இருப்பதையும் சேர்த்தே தள்ளும். அதனால் கரு பெரிதாகப் பெரிதாக விலக்கத்தின் கை ஓங்குகிறது. இரும்பு போன்ற நடுத்தர அளவுக் கருக்கள் உறுதியாக இருப்பதற்கும், யுரேனியம் போன்ற பெரிய கருக்கள் தள்ளாடுவதற்கும் காரணம் இதுதான்.

அந்தத் தள்ளாடும் கருவுக்குள் வெளியிலிருந்து ஒரு நியூட்ரான் நுழைந்தால் கரு அதிர்ந்து, நீர்த்துளி போல நீண்டு, நடுவில் இடுப்பு ஒடுங்குகிறது. இரு முனைகளும் ஓரளவு விலகியதும் பசையின் பிடி விட்டுப்போகிறது. மின்விலக்கம் மட்டும் மிஞ்சுகிறது. இரண்டு துண்டுகளும் நொடிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. வெளிப்படும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தப் பாய்ச்சலில்தான் இருக்கிறது. துண்டுகள் நெடுந்தூரம் போவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரத்திற்குள் சுற்றியுள்ள அணுக்களில் மோதி நின்றுவிடுகின்றன. அந்த மோதல்தான் வெப்பம். அந்த வெப்பத்தில் தண்ணீர் கொதித்து, நீராவி டர்பைனைச் சுற்ற, மின்சாரம் வருகிறது. அணுமின் நிலையம் என்பது கடைசியில் தண்ணீர் கொதிக்க வைக்கும் அடுப்புதான்!

உடைந்த துண்டுகளையும் சிதறிய நியூட்ரான்களையும் சேர்த்து எடை போட்டால், உடைவதற்கு முன் இருந்த எடையைவிடச் சற்றுக் குறையும். ஒரு புரோட்டானின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஐன்ஸ்டைனின் கணக்குப்படி, குறைந்த எடையை ஒளிவேகத்தின் இருமடியால் பெருக்கினால் வெளிப்பட்ட ஆற்றல் கிடைக்கும். ஒரு கிலோ யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் குறைவது ஒரு கிராமுக்கும் கீழேதான். ஆனால் அதே அளவு வெப்பத்தை நிலக்கரியில் பெற 2,700 டன்னுக்கும் மேல் எரிக்க வேண்டும். பத்து டன் லாரியில் ஏற்றினால் 270 லாரிகளுக்கு மேல் ஆகும்.

பனியில் போட்ட கணக்கு

அணுப்பிளவைத் தேடிப்போய் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1934-ல் ரோம் நகரில் என்ரிக்கோ ஃபெர்மி யுரேனியத்தின் மீது நியூட்ரான்களை ஏவி, அதைவிடக் கனமான புதிய தனிமம் உருவாகிவிட்டதாக நினைத்தார். கரு உடைந்திருக்கலாம் அல்லவா என்று அதே ஆண்டில் ஜெர்மன் வேதியியலாளர் ஈடா நோடாக் எழுதினார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவ்வளவு சிறிய நியூட்ரானால் அவ்வளவு பெரிய கருவை உடைக்க முடியும் என்று அன்று யாரும் நம்பத் தயாராக இல்லை.

1938 டிசம்பரில் பெர்லினில் ஆட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் அதே சோதனையைச் செய்தபோது, யுரேனியத்தின் எடையில் பாதியைவிடச் சற்றே அதிகமான பேரியம் கிடைத்தது. வேதியியல்படி அது பேரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது? ஹான் விளக்கம் கேட்டு எழுதியது லீசே மைட்னருக்கு. முப்பது ஆண்டுகளாக ஹானோடு சேர்ந்து ஆய்வு செய்த ஆஸ்திரிய இயற்பியலாளர் அவர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அந்த ஆண்டு ஜூலையில்தான் நாஜிகளிடமிருந்து தப்பி சுவீடனுக்குப் போயிருந்தார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவருடைய சகோதரி மகன் ஆட்டோ ஃபிரிஷ் வந்திருந்தார். அவரும் இயற்பியலாளர். இருவரும் பனியில் நடக்கப் போனார்கள். வழியில் ஒரு மரத்தண்டில் உட்கார்ந்து, கையில் இருந்த துண்டுக் காகிதங்களில் கணக்குப் போட்டார்கள். விலகும் துண்டுகளின் மின்விலக்கத்தை வைத்து ஒரு கணக்கு, குறையும் எடையை வைத்து இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே விடையைத் தந்தன: 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். ஒரு கரி அணு எரியும்போது கிடைப்பது வெறும் 4 எலக்ட்ரான் வோல்ட். உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு உயிரியலில் வழங்கிய சொல்லையே ஃபிரிஷ் இதற்கும் வைத்தார். தமிழில் நாம் பிளவு என்கிறோம்.

1944-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. மைட்னருக்கு எதுவும் இல்லை. நோபல் குழு செய்த பெரிய அநியாயங்களில் இதுவும் ஒன்று. அணுகுண்டுத் திட்டத்தில் சேர அழைப்பு வந்தபோது மைட்னர் மறுத்துவிட்டார். இன்று 109-ஆம் தனிமத்தின் பெயர் மைட்னீரியம்.

ஒன்று என்ற எண்

ஒரு கரு பிளந்தால் வரும் ஆற்றல் நம் அன்றாடத் தேவைகளுக்கு மிகமிகச் சிறியது. கோடிகோடிக் கருக்கள் பிளந்தாக வேண்டும். அதற்கு வழி பிளவுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு பிளவிலும் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவை அடுத்த கருக்களைப் பிளந்தால் தொடர்வினை பிறக்கிறது.

வெளிவந்த நியூட்ரான்கள் எல்லாம் பிளவை உண்டாக்குவதில்லை. சில வெளியே தப்பிவிடும். சிலவற்றை வேறு அணுக்கள் விழுங்கிவிடும். மீதியில் எத்தனை அடுத்த பிளவை உண்டாக்குகின்றன என்பதுதான் கணக்கு. சராசரியாக ஒன்றுக்குக் கீழே இருந்தால் வினை அணைந்துவிடும். சரியாக ஒன்று என்றால் சீராக எரியும். அதுதான் அணு உலை. ஒன்றைத் தாண்டி இரண்டை நோக்கிப் போனால் அணுகுண்டு.

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் தம் வரலாற்று நூலில் பதிந்து வைத்த கதை அது. 64 கட்டம் முடிவதற்குள் அரசனின் களஞ்சியம் காலி. அணுகுண்டில் நடப்பது அதே இரட்டிப்புதான். ஏறத்தாழ 80 தலைமுறை வரை அது நீள்கிறது. அந்த 80-ம் நடந்து முடிய ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

1945 ஆகஸ்ட் 6-ல் ஹிரோஷிமாவில் போடப்பட்ட குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆற்றலாக மாறிய எடை முக்கால் கிராமுக்கும் கீழே. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். மூன்று நாள் கழித்து நாகசாகியில் விழுந்தது புளுட்டோனியக் குண்டு.

ஒன்று என்ற எண்ணில் வினையை நிறுத்திக் காட்டியது அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1942 டிசம்பர் 2-ல் சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில் ஃபெர்மி குழுவினர் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, நடுநடுவே யுரேனியம் வைத்து, காட்மியம் கம்பிகளை மெல்ல வெளியே இழுத்தார்கள். காட்மியம் நியூட்ரான்களை விழுங்கும் உலோகம். கம்பியை வெளியே இழுத்தால் வினை கூடும், உள்ளே தள்ளினால் குறையும். அன்று கிடைத்த சக்தி அரை வாட். ஒரு டார்ச் விளக்குக்குக்கூடக் காணாது.

கிராஃபைட் எதற்கு? பிளவில் வரும் நியூட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அவ்வளவு வேகத்தில் போனால் அது பெரும்பாலும் யுரேனியம்-235 கருவில் சிக்காமல் கடந்துவிடும். 2 கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கினால் எளிதில் சிக்கும். கோலிக்குண்டை ஒரு பெரிய இரும்புக் குண்டின் மேல் அடித்தால் அதே வேகத்தில் திரும்பி வரும். இன்னொரு கோலிக்குண்டின் மேல் நேராக அடித்தால் அடித்தது அங்கேயே நின்றுவிடும். நியூட்ரானின் எடையும் ஹைட்ரஜன் கருவின் எடையும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே ஹைட்ரஜன் நிறைந்த தண்ணீர்தான் நல்ல வேகத்தடை. ஆனால் சாதாரணத் தண்ணீர் சில நியூட்ரான்களை விழுங்கியும் விடுகிறது. கனநீர் அவ்வளவாக விழுங்காது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தையே எரிபொருளாக எடுத்துக்கொள்வது கனநீர் இருப்பதால்தான்.

ஆயிரத்தில் ஏழு

பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களில் 7 மட்டுமே எளிதில் பிளக்கும் யுரேனியம்-235. மற்ற 993-ம் யுரேனியம்-238. அது பெரும்பாலும் நியூட்ரானை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். சாதாரணத் தண்ணீரைப் பயன்படுத்தும் உலைக்கு 235-ன் பங்கு 3 முதல் 5 சதவீதம் வேண்டும். அணுகுண்டுக்கு 90 சதவீத அளவில் வைப்பார்கள். பங்கைக் கூட்டும் இந்த வேலைக்குத்தான் செறிவூட்டல் என்று பெயர். யுரேனியத்தை வாயுவாக்கி, மிகவேகமாகச் சுழலும் உருளைகளில் விட்டால் கனமான 238 வெளிப்புறம் ஒதுங்கும், இலேசான 235 உள்ளே தங்கும். இரண்டு வாயு மூலக்கூறுகளின் எடை வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று ஆயிரக்கணக்கான உருளைகள் தேவைப்படுகின்றன.

ஈரான் தொடர்பான செய்திகளில் வரும் சதவீதங்களைப் புரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு உதவும். 235 ஒன்றுகூட வீணாகவில்லை என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். ஆயிரம் அணுக்களில் 7-ஐ வைத்துக்கொண்டு 4 சதவீதத்தை எட்ட 825 அணுக்களை அகற்ற வேண்டும். மிச்சம் 175. அங்கிருந்து 20 சதவீதத்துக்கு இன்னும் 140-ஐ அகற்றினால் மிச்சம் 35. 60 சதவீதத்துக்கு மேலும் 23 போனால் மிச்சம் 12. அங்கிருந்து 90 சதவீதத்துக்கு? வெறும் 4 அணுக்கள்! பாதையின் பெரும்பகுதி மின்நிலைய எரிபொருளை எட்டும்போதே முடிந்துவிடுகிறது. 2015 ஒப்பந்தம் ஈரானுக்கு 3.67 சதவீதம் என்ற வரம்பை வைத்ததற்கும், பின்னர் 60 சதவீதம் என்ற எண் பெரும் பரபரப்பை உண்டாக்கியதற்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அரசியலில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் ஐக்கிய அரபு அமீரகமோ, அபுதாபியில் பராக்கா அணுமின் நிலையத்தின் நான்கு உலைகளையும் இயக்கி நாட்டின் மின்தேவையில் கால்பங்கு வரை பெறுகிறது. ஆனால் தன் மண்ணில் செறிவூட்டுவதில்லை என்று 2009-ல் அமெரிக்காவுடனான உடன்படிக்கையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது.

கூடங்குளம் ஹிரோஷிமா போல வெடிக்காது என்பதற்கான முதல் காரணமும் இந்தச் சதவீதம்தான். 5 சதவீதத்துக்கும் கீழே உள்ள எரிபொருளில் 80 தலைமுறை இரட்டிப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்க வழியே இல்லை. மேலும், அங்கே வேகத்தடையாக இருப்பது தண்ணீர். உலை அளவுமீறிச் சூடாகி அந்தத் தண்ணீர் ஆவியானால் வேகத்தடையும் போய்விடும், வினை தானே தளரும். 1986-ல் செர்னோபில்லில் இருந்த உலையில் வேகத்தடை கிராஃபைட். தண்ணீர் ஆவியானாலும் கிராஃபைட் அப்படியே இருந்தது. நியூட்ரான்களை விழுங்கிக்கொண்டிருந்த தண்ணீர் குறையவே வினை இன்னும் கூடியது. அந்த வடிவமைப்புக் கோளாறுதான் உலையைச் சிதறடித்தது. அதுகூட நீராவி வெடிப்பே தவிர அணுகுண்டு வெடிப்பு அல்ல. ஆனால் வெளியே வந்த கதிரியக்கம் ஐரோப்பா முழுதும் பரவியது.

உலையைக் கட்டுப்படுத்த முடிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளவில் வரும் ஆயிரம் நியூட்ரான்களில் 6 அல்லது 7 மட்டும் உடனே வருவதில்லை. துண்டுகளிலிருந்து சில நொடிகள், சிலபோது ஒரு நிமிடம் வரை தாமதித்து வருகின்றன. இந்தத் தாமதம் இல்லாவிட்டால், ஒன்று என்ற எண் 1.001 ஆனாலே ஒரே நொடியில் சக்தி இருபதாயிரம் மடங்கு ஏறிவிடும். எந்த மனிதனும் எந்த மோட்டாரும் அதற்குள் கம்பியை இறக்க முடியாது. தாமத நியூட்ரான்கள் இருப்பதால் அதே மாற்றத்துக்கு நொடிக்கு ஒரு சதவீத அளவில்தான் சக்தி ஏறுகிறது. ஆயிரத்தில் ஆறேழு நியூட்ரான்கள் காலதாமதமாக வருவது இயற்கையின் ஏற்பாடு. அது இல்லையென்றால் உலகில் ஒரு அணுமின் நிலையமும் இருந்திருக்காது.

அணைத்த பிறகும் அடங்காத தணல்

அப்படியானால் ஆபத்து எங்கே? பிளந்த துண்டுகளில்.

பிரியாணிக்குத் தம் போடும்போது விறகை இழுத்துவிட்டுத் தணலை மட்டும் விடுகிறோம். தீ இல்லை, ஆனால் சட்டிக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அணு உலையும் அப்படித்தான். கம்பிகளை முழுதும் இறக்கினால் தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே பிளந்த துண்டுகள் நிலையற்றவை. அயோடின், சீசியம், ஸ்ட்ரான்ஷியம் என்று பல தனிமங்களாக இருக்கும் அவை கதிர்வீசிச் சிதைந்துகொண்டே வெப்பம் தருகின்றன. இந்த வெப்பத்தை நிறுத்த எந்தப் பொத்தானும் கிடையாது.

கூடங்குளத்தில் இயங்கும் இரண்டு உலைகளும் ரஷ்ய வடிவமைப்பு. ஒவ்வொன்றும் முழுவீச்சில் ஓடும்போது 3,000 மெகாவாட் வெப்பம் தந்து 1,000 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறது. மீதி வெப்பம் கடலுக்குப் போகிறது. இதற்கு ஒரு நாளில் பிளப்பது மூன்று கிலோ சொச்சம் மட்டுமே. அத்தகைய உலையை நிறுத்திய மறுகணம் 200 மெகாவாட் அளவுக்கு வெப்பம் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கழித்தும் ஏறத்தாழ 15 மெகாவாட். தண்ணீரைச் சுற்ற வைக்க வழியில்லாமல் போனால் எரிபொருள் உருகிவிடும்.

2011 மார்ச் 11-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். நிலநடுக்கம் வந்ததும் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளிலும் கம்பிகள் தாமாகவே இறங்கின. தொடர்வினை நின்றது. அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. வெளி மின்சாரம் போனதால் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடின. ஐம்பது நிமிடம் கழித்து வந்த ஆழிப்பேரலை அந்த ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தண்ணீர் சுற்றுவது நின்று, மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது. பெருகிய ஹைட்ரஜன் வாயு கட்டடங்களை வெடிக்கச் செய்தது. அணைத்த உலைகளால் வந்த விபத்து அது. இடிந்தகரை மீனவர்கள் அதே ஆண்டில் போராட்டத்தை முன்னெடுத்தபோது அவர்களை அறியாமையில் பேசுகிறவர்கள் என்று கேலி செய்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கடலோரத்தில் வாழ்கிறவன் கேட்க வேண்டிய சரியான கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். மின்சாரம் இல்லாமலேயே காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும், உருகி விழும் எரிபொருளை அடியில் தாங்கும் தொட்டியும் கூடங்குளத்தில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஃபுகுஷிமா உலைகளில் இவை இல்லை.

துண்டுகளின் ஆயுளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும். விபத்து நேரத்தில் குழந்தைகளின் தைராய்டு சுரப்பியைத் தாக்குவது அதுதான் என்பதால் சாதாரண அயோடின் மாத்திரை கொடுக்கிறார்கள். சீசியம்-137 பாதியாவதற்கு 30 ஆண்டு. யுரேனியம்-238 நியூட்ரானை விழுங்கி உண்டாகும் புளுட்டோனியம்-239 பாதியாவதற்கு 24,000 ஆண்டுகளுக்கும் மேல்.

எனவே பயன்படுத்திய எரிபொருளைப் பல ஆண்டுகள் ஆழமான தண்ணீர்த் தொட்டியில் குளிரவிட வேண்டும். பின்லாந்து அதன்பிறகு புதைப்பதற்காக ஒன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறது. இந்தியா அதைக் கழிவு என்று சொல்வதில்லை. மறுபதப்படுத்திப் புளுட்டோனியத்தைப் பிரித்து, கல்பாக்கத்தில் கட்டிய வேக ஈனுலை போன்றவற்றில் மீண்டும் எரிபொருளாக்குவது அரசின் கொள்கை. கூடங்குளத்தை இயக்க 2013 மே மாதம் அனுமதித்த உச்ச நீதிமன்றம், பயன்படுத்திய எரிபொருளுக்கு உலைக்கு வெளியே தனிச் சேமிப்பிடம் ஐந்து ஆண்டுகளுக்குள் அமைக்கச் சொன்னது. 2018-ல் அணுமின் கழகம் கூடுதல் அவகாசம் கேட்டுப் பெற்றது.